முறை வைத்து மூச்சுவிட்டவர்கள்

புதிதாகத் தொழிற்சாலை ஆய்வாளர்களாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கெல்லாம் ஏசி ஜீப் கொடுத்திருக்கிறார்களாமே? எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கப்போவதில்லை. நான் பழவேற்காட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, அது வழியில் படுத்துக்கொண்டால் ஷேர் ஆட்டோவில் மீன்கூடைக்கும் கூடைக்காரம்மாவுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு போவேன். சாயங்காலம் வீடு திரும்பினால் எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் கூடி வரவேற்கும். வீட்டுக்காரர் மட்டும் வாசலிலேயே நிறுத்தி, "மொதல்ல குளிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பார்.

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு விருப்பக் கூட்டுத் திட்டம் என்று ஒரு பாடம் நடத்தியிருப்பார்கள். திரையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும். ஒன்று அரசாங்கம், இன்னொன்று முதலாளி. யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, இருவரும் மனமுவந்து சேர்ந்து தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றுகிறார்கள் என்று விளக்கம் வேறு வரும். முதலாளி கதவைத் திறந்து வைக்க வேண்டும், நாம் கையிலிருக்கும் குச்சியைக் கீழே போட வேண்டும். குறை தெரிந்தால் உடனே வழக்கு இல்லை, சரிசெய்ய அவகாசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கைகள் குலுக்கிக்கொள்ளும்போது மற்ற இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் என்ன செய்கின்றன என்பதைத் திரையில் காட்டமாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் மூக்குமேல் வரும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் அது குறைந்தபாடில்லை. ஆகவே நடுநடுவே யாரையாவது திட்டினால் கண்டுகொள்ளாமல் மேலே படியுங்கள்.

அப்போது பழவேற்காட்டைச் சுற்றி மூன்று ஐஸ் ஃபேக்டரிகள் என் பொறுப்பில் இருந்தன. ஐஸ் ஃபேக்டரி என்றால் குளுகுளுவென்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரை உறைய வைப்பதற்காகக் குழாய்களுக்குள் அம்மோனியா ஓடிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் கண்ணையும் தொண்டையையும் எரித்துவிடும், கொஞ்சம் கூடுதலாக வந்தால் ஆளையே முடித்துவிடும்.

மூன்றுக்கும் மூன்று முதலாளிகள். பஜாரில் காதர் பாய், மீன் வியாபாரத்திலிருந்து ஐஸுக்கு வந்தவர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. பொன்னேரி சாலையில் ஜெயராமன், நெல் விவசாயக் குடும்பம், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்பக்கமே அவருடைய வயல். கோட்டைக்குப்பத்தில் தனம். மீன் ஏலத்தில் கத்திக் கத்திச் சேர்த்ததையும் கழுத்தில் காதில் கிடந்ததையும் போட்டு, மூடிக் கிடந்த ஃபேக்டரியை வாங்கி ஓட்டுகிறவள். அவள் குரல் ஏரியைத் தாண்டிப் பசியாவரத்தில் கேட்கும் என்பார்கள். அவளிடம் மெஷின் ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி மாரி. அக்கா போடுகிற சத்தத்தில் இவனுக்குப் பேசவே வாய்ப்பு கிடைக்காமல் போய், பேச்சே குறைந்துவிட்ட பையன் அவன், பையன் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

தனத்தின் ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட எனக்கு முன்னால் இருந்த ஆய்வாளர் உத்தரவு வாங்கி வைத்திருந்தார். மெஷின் அறை மோசம் என்று காரணம். கூட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்படும். சென்னையிலிருந்து இணை இயக்குநர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் உத்தரவு ரத்து, இல்லையென்றால் அன்றைக்கே சீல். தனத்துக்கு அந்த ஃபேக்டரியும் அந்தத் தம்பியும் தவிர வேறு எதுவும் கிடையாது.

முதல் கூட்டத்தைக் காதர் பாயின் குடோனில் போட்டேன். திட்டத்தை விளக்கி முடித்ததும் பாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"கவர்மெண்டு சும்மா வந்து கைகுடுக்குதுன்னா எப்டி மேடம் நம்பறது? உள்ள இன்னா மேட்டரு, ஸ்ட்ரெயிட்டா சொல்லிடுங்க."

"மேட்டர் ஒண்ணும் இல்ல பாய். உங்க ஆளுங்க உசுரோட இருக்கணும்."

"அதான் இருக்காங்களே!"

ஜெயராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க நைனா காலத்துல அதிகாரி வந்தா கோழி அடிப்பாங்க. சாப்ட்டுட்டு கம்முனு பூடுவாரு. அது சுளுவா இருந்திச்சு மேடம். இப்ப இன்னாடான்னா கூடவே இருப்பேன்றீங்க."

தனம் எழுந்து நின்றாள். "நான் சேர்றேன். எனக்கு வேற வழி கெடையாது. ஆனா இவுங்க ரெண்டு பேரும் சேரணும். நான் மட்டும் மாட்டிக்கினு முழிக்க, இவுங்க வேடிக்க பாப்பாங்களா?"

நான் இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தனம் எழுந்து நின்றவுடனேயே மற்ற இருவருக்கும், அவளுக்கு மட்டும் அரசாங்கத்தில் ஏதோ கிடைக்கப்போகிறது என்று தோன்றிவிட்டது. இருவரும் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். மனமுவந்து சேர்வது என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

துறை பாதி, அவர்கள் பாதி போட்டு ஒரு மூச்சுக் கருவி வாங்கினோம். முதுகில் மஞ்சள் சிலிண்டர், முகத்துக்குக் கண்ணாடி வைத்த மூடி. வாயு கசிந்தால் இதை மாட்டிக்கொண்டு உள்ளே போய் ஆளை மீட்கலாம். ஒன்று வாங்கத்தான் நிதி இருந்தது. வந்து இறங்கிய அன்று பஜாரே கூடிவிட்டது. தீயணைப்புத் துறை ஆள் வந்து மாட்டக் கற்றுக்கொடுத்தார். காற்று தீரப்போகிறது என்றால் அது தானே விசில் அடிக்கும் என்று அவர் சொன்னதும் கூட்டம் கைதட்டியது.

இதை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. ஆளாளுக்குத் தன் ஃபேக்டரியில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைவலி வந்து, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பாடு போட்டுவிட்டார்களாம்.

பாடு என்றால் உங்களுக்குத் தெரியாது. ஏரியில் இறால் நிறையப் படுகிற இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் அடிதடி. அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. உங்கள் பாட்டில் இன்னொருவன் வலை போடமாட்டான். உங்கள் பாடு வந்து நீங்கள் வலை போடாமல் விட்டால் போனது போனதுதான், திருப்பித் தரமாட்டார்கள். போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல் அந்த ஏரியில் அமைதி இருப்பதற்கு இதுதான் காரணம். ஜெயராமனுக்கும் இது புதிதில்லை. அவர் ஊரில் ஏரிப் பாசனத்துக்கு இதே மாதிரி முறைத் தண்ணீர் உண்டு.

ஆக, மூச்சுக் கருவி ஒரு வாரம் தனத்திடம், அடுத்த வாரம் பாயிடம், அதற்கடுத்த வாரம் ஜெயராமனிடம். நான் இதைச் சென்னைக்கு எழுதினேன். இணை இயக்குநர் மகிழ்ந்துபோய், உள்ளூர் வழக்கத்தோடு இணைந்த முன்மாதிரி என்று எங்கள் கூட்டத்தில் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினோம். அம்மோனியாவும் முறை பார்த்துத்தான் கசியுமா என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஜெயராமனின் ஃபேக்டரிக்குப் போனேன். கருவி சுவரில் இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தால், பச்சைப் பசேலென்ற வயலுக்கு நடுவில் ஒரு உருவம் மஞ்சள் சிலிண்டரும் கண்ணாடி மூஞ்சியுமாக நடந்துகொண்டிருந்தது. கொக்குகள்கூட அந்தப் பக்கம் இறங்கப் பயந்தன.

"இன்னாங்க இது?"

"பூச்சிமருந்து அடிக்கிறான் மேடம். மூக்குல ஏறக்கூடாதுல்ல? நீங்கதான சேஃப்டி சேஃப்டின்னு சொன்னீங்க?"

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று உடனே சொல்ல வரவில்லை. அங்கிருந்து பாயைப் பற்றி விசாரித்தேன். அவர் முறையில், உறவுக்காரர் வீட்டு நிக்காஹ்வுக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தார்களாம். சமையல்காரப் பண்டாரிக்குக் கண்ணில் தண்ணீர் வராமல் இருக்கக் கருவி போயிருந்தது. பாயும் சும்மா இருக்கவில்லை, தினம் ஒரு தடவை தானே மாட்டிக்கொண்டு பஜாரில் நடந்து காட்டுவாராம். தனத்தின் முறையில் மாரி அதைப் போட்டுக்கொண்டு மீன்கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்திருக்கிறான்.

மூவரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஆபத்துக்கு வாங்கினதை எதுக்குய்யா இப்படிப் பண்றீங்க?"

தனம்தான் பதில் சொன்னாள், ஏதோ எனக்கு உலகமே தெரியாத மாதிரி. "நம்ப பாடு வந்து, வலையே போடாம உட்டா இன்னா மேடம் அர்த்தம்? அது நம்பளுக்கு நஷ்டமில்ல?"

சிலிண்டரில் காற்று நிரப்புவது யார் பொறுப்பு என்று கேட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். முறை மாறும்போது கொடுக்கிறவர், வாங்குகிறவர் நிரப்பட்டும் என்று நினைத்திருக்கிறார். வாங்குகிறவர், கொடுத்தவர் நிரப்பித்தான் தந்திருப்பார் என்று நினைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில், எல்லோருக்கும் பொதுவான ஓரிடத்தில் கருவியை நிரந்தரமாக வையுங்கள், நிரப்பி வையுங்கள், வெங்காயத்துக்கு எடுத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று கத்தினேன். மூவரும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆகட்டும் மேடம்" என்றார்கள். பிள்ளைகளே, எதிர்த்துப் பேசுகிற முதலாளியை நம்புங்கள். இவ்வளவு பணிவாக ஆகட்டும் என்று சொல்கிறவர் ஒன்றும் செய்யப்போவதில்லை.

இணை இயக்குநர் வருகிற நாள் வந்தது. நல்ல மனிதர். ஆனால் கருவாட்டு வாசனை ஆகாது. காரிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டை மூக்கில். சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

முதலில் ஜெயராமன். சுவரில் மூச்சுக் கருவி பளபளவென்று தொங்கியது. எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் அது பாயின் வாரம். சரி, நான் கத்தியது பலித்துவிட்டது என்று நினைத்தேன். இணை இயக்குநருக்கு இளநீர் கொடுத்தார்கள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது, பின்பக்க வழியாக ஒரு மொபெட் கிளம்பியது. பின்சீட்டில் லுங்கியில் சுற்றிய ஒரு மூட்டை, அதன் நுனியில் மஞ்சளாக ஏதோ.

கருவி இல்லாத சுவரைப் பார்த்தால் அதிகாரி சீல் வைத்துவிடுவார் என்று மூவரும் பயந்திருக்கிறார்கள். அடுத்து பஜாரில் பாயின் ஃபேக்டரிக்குப் போனால், அங்கேயும் சுவரில் கருவி தொங்குகிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். வாரில் வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காமல் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இணை இயக்குநர் என் பக்கம் திரும்பி, "மூணு பேரும் தனித்தனியா வாங்கிட்டாங்களா? பிரமாதம்!" என்றார். சொன்னால் தனத்தின் ஃபேக்டரி போய்விடும். வாயை மூடிக்கொண்டு சிரித்து வைத்தேன்.

பாயின் திட்டம் என்னவென்றால், இலை போட்டு பிரியாணி பரிமாறி இணை இயக்குநரைக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது, அதற்குள் கருவி கோட்டைக்குப்பம் போய்விடும். அந்த மனிதர் டயட்டில் இருந்தார். பிரியாணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பாயின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

தனத்தின் ஃபேக்டரியில் நாங்கள் இறங்கியபோது கருவி தொங்க வேண்டிய ஆணியில் ஒரு காலண்டர் தொங்கியது. தனம் பட்டுப்புடவையில் நின்றாள். எல்லா இடத்திலும் புதுப் பெயிண்ட் வாசனை. குழாய், வால்வு, கதவு எதையும் விடவில்லை, எல்லாம் ஆகாச நீலம். அதிகாரி வருகிறார் என்று மெஷினை முழு வேகத்தில் ஓட வைத்திருந்தாள். புதுப் பெயிண்டைப் பார்த்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் நான் சொல்கிறேன், சுரண்டிப் பாருங்கள். அந்த நீலத்துக்கு அடியில் ஒரு வால்வு துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது.

மெஷின் அறையிலிருந்து 'புஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. அடுத்த நொடி கண் எரிந்தது.

"வெளிய! எல்லாரும் வெளிய!" என்று கத்தினேன். அன்று வாடை அடித்துக்கொண்டிருந்தது, வடக்கிலிருந்து காற்று. "வடக்கால ஓடுங்க, காத்து வர்ற பக்கம் ஓடுங்க!" ஐஸ் வாங்கக் காத்திருந்த பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே ஓடினார்கள். இணை இயக்குநரைக் கூடைக்காரம்மா ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் பொன்னேரித் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். வர நேரமாகும் என்பது எனக்கும் தெரியும்.

எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். மாரி மட்டும் வாசல் தொட்டியில் துண்டை நனைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், எங்கடா போற?"

"வால்வ மூடிட்டு வந்துட்றேன் மேடம். இல்லாங்காட்டி அக்கா ஃபேக்டரிய பூட்டிடுவாங்க." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பாய்ந்து அவன் லுங்கியைப் பிடித்தேன். லுங்கி என் கையோடு வந்தது. அவன் டவுசரோடு, ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் லுங்கியும் கையுமாக நின்றேன்.

தனத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் குரல் ஏரியைத் தாண்டியிருக்கும். "டேய் மாரி! வாடா! ஃபேக்டரி போனா போவுதுடா, வெளிய வாடா!" அவன் வரவில்லை. அவளே உள்ளே ஓடப் பார்த்தாள். இந்தத் தடவை நான் புடவையைப் பிடிக்கவில்லை, ஆளையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் என்னை அடித்தாள், கடித்தாள். நான் விடவில்லை.

அப்போதுதான் மொபெட் சத்தம் கேட்டது. காதர் பாய், பின்னால் லுங்கி மூட்டை. ஊரை ஏமாற்றக் கிளம்பி வந்தவர், நிலைமையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்தார், சிலிண்டரை முதுகில் போட்டார், மூடியை மாட்டினார். அவ்வளவு வேகமாகத் தீயணைப்பு ஆள்கூட மாட்டமாட்டார். பஜாரில் தினம் தினம் மாட்டி நடந்த பழக்கம்!

நான் அளவு காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. பூச்சிமருந்து, வெங்காயம், மீன்கழிவு எல்லாம் சேர்ந்து காற்றைக் குடித்திருந்தன.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களில் யாராவது நிற்க வேண்டி வரும். ஒருவன் உள்ளே கிடக்கிறான். போகிறவருக்குக் காற்று போதாது. விடலாமா, கூடாதா? புத்தகம் கூடாது என்கிறது. புத்தகம் சரிதான். நான் பாயின் இடுப்பில் தோணிக் கயிற்றைக் கட்டினேன். "வால்வு பக்கம் போகக் கூடாது. ஃபேக்டரி எக்கேடோ கெடட்டும். ஆளைப் புடிங்க, கயித்த ஆட்டுங்க, இழுத்துடுவோம். நீங்க ஆட்டலன்னாலும் நான் இழுத்துடுவேன்." அவர் தலையாட்டினார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த விசில் சத்தம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம், நான், தனம், கூடைக்காரப் பெண்கள், எனக்குப் பின்னால் இணை இயக்குநர். ஒருவரும் மூச்சுவிடவில்லை. கயிறு ஆடியது. கரைவலை இழுக்கிற மாதிரி ஏலேலோ போட்டு இழுத்தார்கள் அந்தப் பெண்கள். மாரியின் டவுசரை இறுகப் பிடித்தபடி பாயும், அவர் பிடியில் மாரியும், வழுக்கிக்கொண்டு வந்து வெளியில் விழுந்தார்கள்.

உள்ளே பின்கதவு ஓரமாக மாரி சுருண்டு கிடந்தானாம். வாசல் தொட்டித் தண்ணீரை எடுத்து அவன் கண்ணில் ஊற்றினோம், ஊற்றிக்கொண்டே இருந்தோம். அவன் இருமி, கக்கி, "யக்கா" என்றான். தனம் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பாய் கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து, "தண்ணி குடுங்கப்பா" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி வந்து, தண்ணீர் அடித்து, வால்வை மூடினார்கள். கூடவே வந்த ஆம்புலன்ஸ்காரர் மாரியின் கண்ணைப் பார்த்து, பயமில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். அதற்குள் ஜெயராமனும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார். பக்கத்து மீன் ஷெட்டில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி மாரியின் கண்ணை இன்னும் கழுவிக்கொண்டிருக்க, எல்லோரும் அங்கேயே உட்கார்ந்தோம். இணை இயக்குநரின் சட்டையெல்லாம் சேறு, ஆனால் முகத்தில் ஒரு பெருமிதம்.

"ஒரு ஃபேக்டரியில ஆபத்துன்னதும் இன்னொரு ஃபேக்டரி முதலாளி தன்னோட கருவியைத் தூக்கிட்டு ஓடி வந்தார் பாருங்க! இதான் கூட்டுத் திட்டம்! ஆமா, இவங்களோட கருவி எங்கே?"

பாய் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "அது சர்வீஸுக்குப் போயிருக்கு சார். நேத்துதான் குடுத்தோம்."

"பராமரிப்பும் பண்றாங்க! வெரி குட்!" இணை இயக்குநர் என்னைப் பார்த்தார். "அந்த சீல் உத்தரவை ரத்து பண்ணிடலாம்மா."

எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பாய் தனத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் பேசாமல் இருந்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்த நேரத்தில், தனம் எழுந்தாள்.

"பொய் சார். மாஸ்க்கு ஒண்ணே ஒண்ணுதான். பாடு போட்டு வெச்சிக்கினு வெங்காயம் உரிச்சோம். உங்கள ஏமாத்தத்தான் மொபெட்ல சுத்த உட்டோம். அந்த வால்வு ஒழுவறது எனக்குத் தெரியும். பெயிண்ட் அடிச்சி மறைச்சது நானு. எந்தம்பிய நானே கொல்லப் பாத்தேன் சார்." இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "பூட்டறதுன்னா பூட்டிக்கங்க."

இணை இயக்குநர் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சர்வீஸிலும் சரி, என்னுடையதிலும் சரி, ஒரு முதலாளி கேட்காமலே தன் குறையைச் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. கடைசியில் சாவியை அவள் பக்கமே தள்ளினார்.

"உண்மையச் சொன்னவங்க ஃபேக்டரியைப் பூட்டினா நாளைக்கு எவன் வாயைத் திறப்பான்? வால்வு மாத்துற வரைக்கும் மெஷின் ஓடக் கூடாது. வேற என்னென்ன குறைன்னு சொல்லுங்க, சேர்ந்தே சரிபண்ணுவோம்."

தனம் சொல்ல ஆரம்பித்தாள். அவர் எழுத ஆரம்பித்தார். நமது துறை அவளுக்கு உதவப்போகிறது என்பது தெரிந்ததும் ஜெயராமனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், அவுங்களுக்கு வால்வு ஒண்ணுதான ஒழுவுது? எங்களுக்கு மூணு எடத்துல ஒழுவுது. எழுதிக்கங்க."

"ஒழுவறது பெரிய விஷயமா?" என்றார் பாய். "என் குழாயே கயித்துலதான் நிக்குது சார். கயித்த அவுத்தா குழாய் கீழ. வந்து பாருங்க, ராத்திரி தூங்கமாட்டீங்க."

"எங்க ஒயரு எல்லாம் நைனா போட்டது சார். தொட்டா ஷாக்கு!"

"ஷாக்கா? என் ஐஸ் நொறுக்குற மெஷினுக்கு மூடியே கெடையாது!"

"ஒவ்வொருத்தரா சொல்லுங்கய்யா!" என்று கத்தினார் இணை இயக்குநர். நான் எவ்வளவோ வருடம் மிரட்டியும் கெஞ்சியும் பிடுங்க முடியாத சமாசாரமெல்லாம் ஏலத்தில் கூவுகிற மாதிரி வந்து விழுந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனம் மேசையில் தட்டினாள். "மொதல்ல என்னுது முடியட்டும்! நான் இன்னும் பாதிகூட சொல்லல!"

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மாரி கையைத் தூக்கினான். எல்லோரும் நிறுத்தினார்கள். கண்ணில் ஈரத் துணி, தொண்டை கட்டிப்போயிருந்தது.

"யக்கா, பின்கதவையும் சொல்லு. வெளிய தாழ் போட்டிருந்திச்சி. தள்ளித் தள்ளிப் பாத்தேன், தொறக்கல. அதான் வர முடில."

தனம் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி பின்பக்கக் குப்பையைப் பார்த்துவிடக் கூடாது என்று காலையில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது அவள்தான்.

பாய் ஜெயராமனைப் பார்த்தார். ஜெயராமன் பாயைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ரத்தமே இல்லை. பாய் ஓடிப்போய் மொபெட்டை உதைத்தார், அது கிளம்பவில்லை. "ஏறு பாய், ஏறு!" என்று ஜெயராமன் தன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அன்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்காத இரண்டு பேரும் ஒரே வண்டியில் பறந்தார்கள்.

"பேசிட்டே இருக்கும்போது எங்கய்யா போறீங்க?" என்று இணை இயக்குநர் பின்னாலிருந்து கத்தினார்.

பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்கதவு சார், எங்க பின்கதவு! உள்ள ஆளுங்க இருக்காங்க!"